அசாயிக் கூழில் விழும் பூச்சி

அமேசான் காட்டுப் பனைப்பழமான அசாயி என்றதும் பழத்துண்டு தூவிய ஊதாநிறக் கிண்ணம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பிரேசிலின் பெலேம் நகரத்தில் அப்படியில்லை. வறுத்த மீன், மரவள்ளிக் குருணையோடு அது தினசரிச் சாப்பாடு. தெருவுக்குத் தெரு அரைத்துத் தரும் கடை, வாசலில் சிவப்புப் பலகை.

சிக்கல் அங்கேதான். பனையிலிருந்து இறக்கிய பழக்கூடைக்குள் ரத்தம் குடிக்கும் ட்ரையடோமைன் பூச்சி ஏறிவிடும். ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கும் பறந்து வந்து விழும். பழத்தோடு அதுவும் அரைபட்டால், அதன் குடலிலுள்ள சாகஸ் நோய் ஒட்டுண்ணி நேரே நம் வயிற்றுக்குள். பாட்டி, பேரன் என்று ஒரு வீடே ஒன்றாகக் காய்ச்சலில் படுக்கும், முகம் வீங்கும். சிலருக்கு இதயத்தசையே பாதிக்கும்.

1909-ல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் இந்நோயைக் கண்டறிந்தபோது, மண்சுவர் விரிசலில் ஒளிந்திருந்து ராத்திரி கடிக்கும் பூச்சிதான் வில்லன். அவர் மகன் இவாண்ட்ரோ 1936-ல் பெலேமில் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இன்றும் இதைத் துரத்துகிறது.

எனக்குப் பிடித்தது தீர்வின் எளிமை. அரைப்பதற்கு முன் பழத்தை 80 டிகிரி வெந்நீரில் 10 விநாடி முக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் ஒட்டுண்ணி காலி. ஃப்ரீசரில் வைத்தால் போதாதா என்றால், போதாது. பெலேம் இருக்கும் பாரா மாநிலத்தில் இந்த வெந்நீர் முறை விதியாகவே இருக்கிறது. சரி, சின்னக் கடைக்காரர் சுடுநீர்த் தொட்டிக்கும் வெப்பமானிக்கும் எங்கே போவார்? அந்தச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பது என் கட்சி.