எம்ப்ட்டி வண்டி

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். தெருவே காவடி பாக்க போயிருக்கு, நான் போர்வைக்குள்ள. வலது காது அடைச்சது அடைச்சதுதான்.

பிப்ரவரி 2, திங்கள்

தருமபுரி போய் காது டாக்டர பாத்துட்டு வந்தோம். லைட் அடிச்சு பாத்துட்டு செவிப்பறை உள்ள இழுத்துக்கிட்டு இருக்குன்னார், மூக்குக்கும் காதுக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்குல்ல அது சளில வீங்கி மூடிக்கிச்சாம், ஒரு வாரம் ஆகும்னார். ஒரு வாரமா! இன்னிக்கு தான் எனக்கு சோலோ செக், பிளேன தனியா ஓட்ட விடலாமான்னு பாக்குற டெஸ்ட்.

வெள்ளிக்கிழமை சர்க்யூட்ல, அதான் ரன்வேல ஏறி ஒரு சுத்து சுத்தி மறுபடி எறங்குறது, மேல ஏறுறப்ப ஒண்ணுமே தெரியல. இறங்குறப்ப தான், ரன்வே பக்கம் பேஸ் திரும்பி ரெக்கைல ஃபிளாப் எறக்குறேன், காதுக்குள்ள கோணூசிய வெச்சு குத்துன மாதிரி இருந்துச்சு. ஏறுறப்ப உள்ள இருக்குற காத்து எப்படியாவது வெளிய வந்துடும், இறங்குறப்ப வெளிக்காத்து உள்ள போவ வழி வேணும், வழி அடைச்சிருந்தா பறை மேல தான் எல்லா அழுத்தமும். படிச்சு பரீட்சையே எழுதியிருக்கேன். இருந்தும் ஓட்ட சொல்லிக்குடுக்குற சார்கிட்ட மறைச்சுடலாம்னு தான் நெனச்சேன். மூஞ்சி காட்டிக்குடுத்துடுச்சு. பார்க்கிங்ல என்ஜின் நிறுத்துனதும் அவர் சொன்னது இவ்ளோ தான், "ஊருக்கு போம்மா. காது தெறந்தா வா. ஏரோபிளேன் எங்கயும் ஓடிப்போவாது."

ராத்திரி அம்மா தசமூலாரிஷ்டத்த மூடில ஊத்தி நீட்டுது. நான் வேணாம்ங்குறேன், சளிக்கு நல்லதுடிங்குது. லேபிள்லயே போட்டிருக்கு பாரும்மா, தானா உருவாகுற ஆல்கஹால், 5ல இருந்து 10 சதவீதம். ஃபிளையிங் ஸ்கூல்ல தினமும் ஊதிக்காட்டணும், சைபர்னா சைபர் தான், 2023ல இருந்து ஆல்கஹால் இருக்குற மவுத்வாஷ் கூட கூடாதுன்னு விமானத்துறை டிஜிசிஏவோட ரூல். இதெல்லாம் சொன்னா "ஆயா அம்பது வருசமா குடிக்கிது, அதென்ன குடிகாரியா"ங்குது. ஆயா திண்ணைல இருந்து சிரிக்குது.

பிப்ரவரி 3, செவ்வாய்

அப்படியே தான் இருக்கு. ஆயா புளி தட்டுற சத்தம் வெளிய இருந்து வர்ற மாதிரி இல்ல, என் மண்டைக்குள்ள உக்காந்து தட்டுற மாதிரி டொக் டொக் டொக்.

பிப்ரவரி 4, புதன்

மொட்ட மாடில தார்ப்பாய் விரிச்சு புளி காயப்போட்டிருக்கு. நீளமா, வடகெழக்க பாத்து. பாத்ததும் ரன்வே 04ன்னு தோணிடுச்சு, அப்புறம் என்ன பண்றது, பிளாஸ்டிக் சேர் எடுத்துட்டு போய் தார்ப்பாய் முனைல போட்டு உக்காந்தேன். இடது கைல கரண்டி, அது கன்ட்ரோல் காலம், பிளேனோட ஸ்டியரிங். வலது கைல டார்ச், அது த்ராட்டில், என்ஜினுக்கு பவர் குடுக்குறது. வேகம் 55 நாட்ஸ், ரொட்டேட், மூக்க தூக்கணும். வலது கால் ரட்டர், எப்பவும் மறந்துட்டு மூக்கு இடப்பக்கம் இழுக்கும், சார் பேனாவால டேஷ் மேல டொக்குன்னு ஒரு தட்டு தட்டுவார், வாயத் தெறக்க மாட்டார், அந்த டொக்குக்கே கால் தானா போயிடும். 1500 அடில லெஃப்ட் டர்ன். எங்க சேலம் கமலாபுரம் ஏர்ஃபீல்டே ஏறக்குறைய ஆயிரம் அடில இருக்கு, அதனால தரைல நிக்குறப்பவே உயரம் காட்டுற மீட்டர் ஆயிரம் காட்டும், சர்க்யூட்டுக்கு 2000. ரன்வேக்கு பக்கவாட்டுல எதிர்த்திசைல போறப்ப டவுன்விண்ட் செக். பிரேக் ஆஃப், மிக்ஸ்சர் ரிச், ஃப்யூயல் போத், பெல்ட்.

எந்திரிச்சு தார்ப்பாய சுத்தி நடந்தே ஒரு சர்க்யூட் போனேன், கைய ரெண்டும் ரெக்கை மாதிரி சாய்ச்சுக்கிட்டு. பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துச்சு. பேசாம கீழ இறங்கி போயிடுச்சு. துணி போடவே இல்ல.

ஆயா மட்டும் கீழ இருந்து "புளிய மிதிச்சிடாத டீ".

பதினாலு லேண்டிங் பண்ணேன். பதினாலும் சூப்பர் லேண்டிங். கரண்டில ஓட்டுனா யாருக்கும் பவுன்ஸ் ஆவாது.

பிப்ரவரி 5, வியாழன்

எங்க பேட்ச்ல ஒரு பையன் இன்னிக்கு சோலோ போயிட்டான். ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கான், பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்துறாங்க, சட்டையெல்லாம் ஒட்டிக்கிட்டு இளிக்கிறான். எனக்கு அப்புறம் வந்து சேந்தவன். கை தட்டுற பொம்மை நாலு அனுப்பிட்டு ஃபோன கவுத்து வெச்சுட்டேன்.

கணக்கு போடக்கூடாதுன்னு இருந்தேன், போட்டுட்டேன். சிபிஎல்லுக்கு, அதான் கமர்ஷியல் பைலட் லைசன்ஸ், 200 மணி நேரம். என் லாக்புக்ல 21 மணி 40 நிமிசம், அத்தனையும் டூயல், சார் கூட ஓட்டுனது. பேங்க்ல இருக்குறது புளியந்தோப்பு பத்திரம், அந்த பத்திரத்துக்கு காது அடைச்சா என்ன தெறந்தா என்ன. மேல காயிறது அந்த தோப்பு புளி தான்னு நெனச்சப்ப மாடிக்கு போவவே புடிக்கல. சித்தி வேற ஃபோன்ல அம்மாகிட்ட "உடம்பு ஒத்துக்கலன்னா விட்டுட சொல்லுக்கா, மாப்ள வீட்டுக்காரங்களும் எத்தன நாள் பாப்பாங்க"ன்னுது. எந்த மாப்ள? எனக்கே தெரியாத மாப்ள.

பிப்ரவரி 6, வெள்ளி

அரிஷ்டம் பாட்டில எடுத்து பரண் மேல ஒளிச்சு வெச்சேன். சாயங்காலம் மறுபடி அடுப்படி மேடைல இருக்கு.

பிப்ரவரி 7, சனி

அப்பா வந்துட்டார். ஒன்பது நாள் லாரி லைன். களியும் கொள்ளு சாறும் சாப்ட்டுட்டு கயித்துக்கட்டில்ல சாஞ்சவர் திடீர்னு கேக்குறார், உங்க சார் எத்தன கிலோ இருப்பாரு?

எம்பதுக்கு மேல இருப்பாருப்பா, ஏன்.

மொத்த வண்டி?

எல்லாம் சேத்து ஆயிரத்து சொச்சம்.

கொஞ்ச நேரம் கட்டில் சட்டத்த பாத்துட்டு இருந்தார். "அப்ப அவர் இறங்கிட்டா எம்ப்ட்டி வண்டி. லோடு இருந்தா ரோட்ட புடிச்சுக்கிட்டு போவும் பாப்பா. எம்ப்ட்டி தான் எகிறும். பள்ளத்துல எறங்குனா பின்னாடி தூக்கி தூக்கி போடும், பிரேக் புடிச்சா சக்கரம் தேஞ்சுக்கிட்டே போவும், நிக்காது. புதுசா வண்டி எடுக்குற பசங்க லோடுல கவுக்குறத விட எம்ப்ட்டில கவுக்குறது தான் ஜாஸ்தி."

அம்மா உள்ள இருந்து, கவுக்குற பேச்சு எதுக்கு இப்ப.

அப்பா அடங்கல. அந்த சீட்ல ஒரு மூட்ட கேவுரு வெச்சு பெல்ட் போட்டு கட்டிக்க விடுவாங்களான்னு கேட்டார். சிரிக்கல. நெசமா தான் கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன், அப்புறம் ராத்திரி படுத்து யோசிச்சா சார் இதையே தான் வேற மாதிரி சொல்லியிருக்கார், நான் இல்லாதப்ப சீக்கிரம் ஏறும், ஃப்ளேர்ல, தரைய தொடுறதுக்கு முன்ன மூக்க தூக்குறப்ப, மெதந்துக்கிட்டே இருக்கும், உக்கார மாட்டேன்னு அடம் புடிக்கும், அவசரப்பட்டு மூக்க அமுக்கிடாதன்னு. நோட்ல எழுதி ரெண்டு கோடு கூட போட்டிருக்கேன். எம்ப்ட்டி வண்டின்னு சொன்னப்ப தான் உள்ள எறங்குச்சு.

பிப்ரவரி 9, திங்கள்

எழுத நெறைய இருக்கு, கை தான் நடுங்குது, ரோட்ல வந்த ஆட்டம் இன்னும் உடம்புல இருக்கு.

தேய்பிறை அஷ்டமி. விடியக்காலைலயே அம்மா அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு போய் சாம்பல் பூசணில வெளக்கு போட்டுட்டு வந்து நெத்தில விபூதிய அப்பி விட்டுச்சு. அப்பா சேலத்துல லோடு ஏத்த போறார், ஓமலூர்ல எறக்கி விடுறேன் ஏறுன்னார். கேபின்ல ஏறி எத்தன வருசம் ஆச்சு. அதே சந்தனமாலை, அதே டீசல் வாசன. காது மட்டும் பஞ்சு வெச்ச மாதிரி, அப்பா பேசுறது பக்கத்து ரூம்ல இருந்து கேக்குது.

தொப்பூர் கணவாய் எறங்குறோம். நல்லம்பள்ளில பொறந்த எங்களுக்கு தொப்பூர்னாலே வயித்த கலக்கும், வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒண்ணு, டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு எறக்கத்துல நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக் காஞ்சு போய் முன்னாடி போறவன் மேல ஏறுறது. அம்மாவுக்கு நான் பிளேன்ல போறது பயம், இந்த ரோட்ல பஸ்ல போறது பயம் இல்ல. என்ன கணக்கோ. அப்பா கியர கொறச்சு கொறச்சு, என்ஜின் உறுமிக்கிட்டே, லாரிங்க வரிசைல ஊர்ந்து எறங்குறார், பின்னாடி ஹாரன் அடிக்கிறவன திரும்பியே பாக்கல. நான் மூக்க புடிச்சுக்கிட்டு வாய மூடி ஊதிப் பாத்துக்கிட்டே வர்றேன். ஒரு தடவ, ரெண்டு தடவ. போலீஸ் செக்போஸ்ட் தாண்டி ஒரு வளைவுல, டப்.

டப்புன்னா டப். அப்படியே லாரி பூரா காதுக்குள்ள வந்து விழுந்துச்சு. பின்னாடி சங்கிலி ஆடுற சத்தம், ஜாக்கி உருள்ற சத்தம், பாடி பலகை ஒவ்வொண்ணும் தடதடதடன்னு. எம்ப்ட்டி வண்டி இவ்ளோ சத்தம் போடும்னே எனக்கு தெரியாது. "அப்பா தெறந்துடுச்சு"ன்னு கத்துனேன். அவர் பயந்துட்டார், கதவு தெறந்துக்கிச்சுன்னு நெனச்சு.

பிப்ரவரி 10, செவ்வாய்

டாக்டர் ஃபிட்னு எழுதிக்குடுத்துட்டார். சார் கூட ஆறு சர்க்யூட். காது ஓகே. கை தான் துரு புடிச்சிருக்கு. மூணாவதுல பலூன் மாதிரி மேல எழும்பி கோ அரவுண்ட், எறங்காம மறுபடி ஏறிட்டேன், நாலாவதுல ரெண்டு பவுன்ஸ். சார் பேனா இன்னிக்கு நிக்கவே இல்ல.

பிப்ரவரி 11, புதன்

விசிபிலிட்டி 3000 மீட்டர். 5 கிலோமீட்டர் இருந்தா தான் விடுவாங்க. சேர்வராயன் மலை இருக்குற எடத்துல மலையே இல்ல, வெள்ளையா ஒரு செவுரு. ஒன்பதரைக்கு தெளிஞ்சப்ப பயணிகள் பிளேன் ஏடிஆர் வர்ற நேரம் ஆயிடுச்சு, அது போனதும் காத்து ஆட ஆரம்பிச்சுடுச்சு. ஹாங்கர் நெழல்ல உக்காந்து பூரி தின்னேன்.

பிப்ரவரி 12, வியாழன்

சிஎஃப்ஐ சார், அதான் தலைமை இன்ஸ்ட்ரக்டர், அவர் கூட செக். மூணு லேண்டிங், ஒண்ணுல என்ஜின் ஃபெயிலியர்னு த்ராட்டில இழுத்துட்டார். எறங்கி நடக்குறப்ப "நாளைக்கு வெயில் ஏறதுக்கு முன்ன வா"ன்னு மட்டும் சொன்னார். பாஸான்னு கேக்கல. கேட்டா மாத்திடுவாரோன்னு.

வீட்டுக்கு சொல்லல.

பிப்ரவரி 13, வெள்ளி

போயிட்டு வந்துட்டேன்.

பிப்ரவரி 14, சனி

நேத்து எழுத முடியல. ரூம்ல எல்லாரும் இருந்தாங்க, அப்புறம் தூங்கிட்டேன், பதினோரு மணி நேரம்.

சார் கூட ஒரு சர்க்யூட் முடிச்சு வந்து நின்னதும் அவர் ஹெட்செட்ட கழட்டி மாட்டுனார், அவர் பக்கத்து பெல்ட்ட இழுத்து காலி சீட்ல பூட்டுனார், தொங்கி எதுலயும் மாட்டக்கூடாதுன்னு. பேனாவ பாக்கெட்ல சொருகுனார். கதவ சாத்தி ரெண்டு தடவ ஆட்டிப் பாத்தார். திரும்பி பாக்காம நடந்து போயிட்டார். நான் அந்த பெல்ட்டயே பாத்துட்டு இருந்தேன். ஆள் இல்லாம இறுக்கமா பூட்டுன பெல்ட் பாக்க ஒரு மாதிரி இருக்கும். கேவுரு மூட்டை ஞாபகம் வந்து தனியா சிரிச்சேன், மைக் ஆன்ல இல்ல, நல்லவேள.

55ல இழுக்கணும். நான் இழுக்குறதுக்கு முன்னயே சக்கரம் லேசாயிடுச்சு. வழக்கமா அந்த பச்ச தண்ணித்தொட்டிய தாண்டுனா தான் 1500 வரும், நேத்து தொட்டி இன்னும் முன்னாடியே இருக்கு, மீட்டர் 1500 தாண்டிடுச்சு. மூக்கு இடப்பக்கம் போச்சு. நான் டொக்குக்கு காத்திருந்தேன். நெசமாவே ஒரு செகண்ட் காத்திருந்தேன். வரல. அப்புறம் தான் கால அமுக்குனேன்.

டவுன்விண்ட்ல இடப்பக்கம் ரன்வே, அதுக்கு பின்னாடி சேர்வராயன், வலப்பக்கம் தூரத்துல மேட்டூர் தண்ணி, தகரத்த வெயில்ல போட்ட மாதிரி. பின்னாடி எங்கயோ தொப்பூர். செக்லிஸ்ட்ட சத்தமா சொன்னேன், காலி சீட்ட பாத்து. "பிரேக் ஆஃப் சார். மிக்ஸ்சர் ரிச் சார்." யார்கிட்டயும் சொல்லிடாத, சார் சார்னு தான் சொன்னேன். பெல்ட் செக்னு வந்தப்ப அந்த சீட்டயும் சேத்து ஓகேன்னேன்.

ரன்வேக்கு நேரா ஃபைனல்ல வேகம் 65. டவர்ல லேண்ட் பண்ண கிளியரன்ஸ் குடுத்தாங்க, நான் திருப்பி சொன்ன குரல் யாருதோ. த்ராட்டில மூடிட்டேன், ஃப்ளேர் எடுத்துட்டேன், உக்காரல. போவுது போவுது போயிக்கிட்டே இருக்கு, எப்பவும் தொடுற வெள்ளக்கோடு பின்னாடி போயிடுச்சு. கை முன்னாடி தள்ள துடிக்கிது. எம்ப்ட்டி வண்டி, எம்ப்ட்டி வண்டின்னு வாய்விட்டே சொன்னேன். ரன்வே கடைசிய பாத்துக்கிட்டு புடிச்சுக்கிட்டே இருந்தேன், அதுவா சலிச்சுப் போய் உக்காந்துச்சு. ஒரு சின்ன எகிறு. கரண்டி லேண்டிங் மாதிரி இல்ல. பரவால்ல.

லாக்புக்ல பைலட் இன் கமாண்ட்ங்குற எடத்துல இத்தன நாள் சார் பேர். நேத்து "செல்ஃப்". 10 நிமிசம். பேனா சாரோடது தான், கடன் வாங்கி எழுதுனேன்.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். வண்டி சத்தம் கேட்டுச்சு. "எகிறுச்சா?"ன்னார். லேசாப்பா. "ம். லோடு ஏத்திட்டேன், அப்புறம் பேசு"ன்னு வெச்சுட்டார். அம்மா பத்து நிமிசம் அழுதுச்சு, நடுவுல சாப்ட்டியான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு.

தண்ணி ஊத்துனாங்க. மூணு பக்கெட். மொத பக்கெட் நேரா வலது காதுல.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாளைக்கு ரெண்டாவது சோலோ. காத்து மாறும் போல, ரன்வேயோட மறுமுனை 22 யூஸ் பண்ணுவாங்கன்னு பேச்சு. 22ல நான் இது வரைக்கும் பண்ணது அஞ்சே லேண்டிங்.

வலது காது காலைல இருந்து குறுகுறுங்குது. தண்ணியா தான் இருக்கும்.