துரை வீட்டு செட்டா, கூத்து மேடை செட்டா?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு காலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவரின் குடோனைக் காலி செய்தபோது, கிழிந்த குழாய் ஸ்பீக்கர்களுக்கும் துருப்பிடித்த மைக் ஸ்டாண்டுகளுக்கும் அடியில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது. குவாட் II, இங்கிலாந்தில் செய்த மாடல். நம்ம பக்கம் இதைப் பார்ப்பது அபூர்வம், நானே படத்தில்தான் பார்த்திருந்தேன். அவருடைய மகன் அதை என்னிடம் கொண்டுவந்து வைத்தபோது கூடவே ஒரு கதையையும் இறக்கிவைத்தார்: "இது துரை வீட்டு செட்டு சார். கோலார் தங்கவயல்ல இருந்த வெள்ளைக்காரன் 47-ல ஊருக்குப் போறப்ப கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்துட்டுப் போனது, அவர்கிட்ட இருந்து அப்பா வாங்கினாரு." பெங்களூரில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறாராம், ஆனால் ஒரிஜினல்தானா, எங்கிருந்து வந்தது என்று யாராவது தெரிந்தவர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்தத் தெரிந்தவர் நான்.

கதையின் ஆண்டு முதல் நிமிஷத்திலேயே விழுந்துவிட்டது. குவாட் II வெளிவந்ததே 1953-ல். பீட்டர் வாக்கர் 1936-ல் லண்டனில் ஆரம்பித்த அக்கூஸ்டிகல் மேனுஃபாக்சரிங் கம்பெனி, போரில் குண்டு விழுந்த பிறகு 1941-ல் ஹண்டிங்டனுக்கு இடம் மாறியது, இந்த மாடல் அங்கே செய்யப்பட்டது. இல்லாத சாமானை 1947-ல் யாரும் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கதையில் ஒரு துண்டு பொய் என்பதால் முழுக்கதையும் பொய் என்று ஆகிவிடாது, தங்கவயல் என்ற பாதியை நான் அப்போதைக்கு ஓரமாக எடுத்துவைத்தேன்.

பெயர்ப்பலகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டலாம், இப்போது புதிதாகவே அச்சடித்தும் விற்கிறார்கள். ஆனாலும் அதில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் படித்துவிட வேண்டும். இதில் அக்கூஸ்டிகல், ஹண்டிங்டன் என்று இருக்கிறது. குவாட் எலக்ட்ரோஅக்கூஸ்டிக்ஸ் என்று இருந்திருந்தால் அப்போதே கீழே வைத்திருப்பேன், கம்பெனி அந்தப் பெயருக்கு மாறியது 1983-ல். பிற்காலத்தில் அதே குவாட் பெயரில் மறுபதிப்பாகவும் வால்வு செட்கள் வந்திருக்கின்றன, அவற்றில் ஒன்றில் பழைய கேடி66 பவர் வால்வுக்குப் பதில் கேடி88 வால்வு இருக்கும், அதைப் பழையது என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு.

உண்மையான வேலை அடித்தகட்டைக் கழற்றிய பிறகுதான். (பல வருஷம் கிடந்த வால்வு செட்டை யாரும் நேராக கரண்டில் சொருகிப் பார்க்காதீர்கள். சீரிஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பு போட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும், கை வைப்பதற்கு முன் பெரிய கண்டென்சரில் நிற்கிற சார்ஜை இறக்க வேண்டும். உள்ளே ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல்.)

முதலில் ஸ்க்ரூ. அந்தக் காலத்து இங்கிலாந்து சாமான்களில் பிஏ என்கிற அளவில் ஸ்க்ரூ போடுவார்கள். 4 பிஏ என்றால் குறுக்களவு 3.6 மில்லிமீட்டர், நம்ம கடையில் கிடைக்கிற எம்3 நட்டும் எம்4 நட்டும் அதில் ஒழுங்காக உட்காராது. இந்தப் பெட்டியில் அடித்தகட்டை மாட்டியிருந்த ஸ்க்ரூ எல்லாம் மெட்ரிக், அது பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது, யாரோ கையில் கிடைத்ததைப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஆனால் டிரான்ஸ்பார்மர்களைப் பிடித்திருந்தவை அத்தனையும் பிஏ, தலையில் திருப்புளி பட்ட கீறல்கூட இல்லை. போலி செய்கிறவன் பலகையைப் பார்த்துச் செய்வான், ஸ்க்ரூ வரைக்கும் போகிற பொறுமை அவனுக்கு இருக்காது.

மெயின்ஸ் ஒயர் சிவப்பு, கறுப்பு, பச்சை. இங்கிலாந்தில் 1970 வாக்கில் இது பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று மாறியது, அதனால் அங்கே கிடைக்கிற பெட்டியில் பழைய நிறம் ஒரு நல்ல சாட்சி. நம்ம ஊரில் எலக்ட்ரீஷியன்கள் இன்றைக்கும் சிவப்பு கறுப்பு பச்சைதான் இழுக்கிறார்கள், ஆகவே இதற்கு நான் மார்க் போடவில்லை.

அடுத்தது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். குவாட் II-ன் உயிரே அதில்தான். மற்ற பல ஆம்ப்ளிஃபயர்களில் பவர் வால்வின் கேத்தோடு என்கிற முனை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கீழே இறங்கிவிடும், வாக்கர் அதை டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே ஒரு தனிச் சுற்று வழியாகக் கொண்டுபோய், அப்புறம் 180 ஓம் ரெசிஸ்டரில் இறக்கினார். வெளியே எவ்வளவு அழகாக நகல் செய்தாலும் இந்தச் சுற்று இல்லையென்றால் அது குவாட் இல்லை. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கொடுத்து டிரான்ஸ்பார்மரைப் பிரித்துக் கட்டியிருப்பார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது, நம்ம ஊரில் எரிந்துபோனதை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். நல்லவேளை, உள்ளே ஊற்றியிருந்த தார் உடையாமல் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், இரண்டு பாதியும் கிட்டத்தட்டச் சமமாக வந்தது, கேத்தோடு சுற்றும் இருந்தது. இது ஒரிஜினல்தான் என்று எனக்கு முடிவானது அந்த இடத்தில்.

எந்த வருஷம்? இதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. இதில் இருந்த முல்லார்டு என்ற இங்கிலாந்து கம்பெனி வால்வுகளின் கண்ணாடி அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும் (துடைத்துத்தான் பல பேர் கெடுக்கிறார்கள்). மேல் வரி வால்வு வகை. கீழ் வரியில் முதல் எழுத்து ஃபாக்டரி, பி என்றால் பிளாக்பர்ன், ஆர் என்றால் மிட்சம். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த எழுத்து மாதம், கடைசி எண் வாரம். இந்தப் பெட்டியின் ஜிஇசட்32 (ரெக்டிஃபயர் வால்வு) ஒன்றிலும் இஎஃப்86 (முன்பக்கத்துச் சின்ன வால்வு) இரண்டிலும் ஆண்டு எண் 8. ஒரு வால்வு மட்டும் என்றால் பின்னால் மாற்றியது என்று தள்ளிவிடலாம், மூன்றும் சில மாத இடைவெளிக்குள் இருக்கின்றன, ஆகவே கூடவே பிறந்தவை. சிக்கல் என்னவென்றால் 8 என்பது 1958-ஆகவும் இருக்கலாம், 1968-ஆகவும் இருக்கலாம். குவாட் II இரண்டு காலத்திலும் தயாரிப்பில் இருந்தது.

இதைத் தீர்த்துவைத்தது அப்பாவின் கணக்கு நோட்டு. குடோனிலிருந்த பழைய பேப்பரை எல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றிருந்தார் மகன், நான்தான் ஒருமுறை பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். பாதிப் பக்கம் கரையான். 1964-ம் வருஷத்துப் பக்கத்தில் ஒரு வரி: ராபர்ட்சன்பேட்டை ரேடியோ கடை, ஆம்ளிபயர் 1, கேடி வால்வ் 2. தொகை ஈரத்தில் அழிந்துவிட்டது. கேடி66 ஜோடி போட்ட ஆம்ப்ளிஃபயர் அவரிடம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர் செட். அப்படியானால் 1968 அடிபட்டுப் போகிறது, பிறந்தது 1958. ராபர்ட்சன்பேட்டை தங்கவயலில்தான் இருக்கிறது, ஆக கதையின் அந்தப் பாதி நிஜம். துரைக்குத்தான் இடமில்லை. சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது 1956-ல், இந்தப் பெட்டி அதற்கும் இரண்டு வருஷம் கழித்து ஹண்டிங்டனில் செய்யப்பட்டது. நோட்டில் இருப்பது ஒரு கடை, துரையும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை.

இனிமேல்தான் பெங்களூர்க்காரருக்குப் பிடிக்காத பகுதி. சேஸிஸ் (தகட்டுச் சட்டம்) ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டு, அதில் கூடுதலாக ஒரு சாக்கெட் வைத்து, இசிசி83 என்ற சின்ன வால்வு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதில் பிஇஎல், அதாவது பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை. குவாட் II-ல் மைக்கை நேராகச் சொருக முடியாது, அதற்குத் தனியாக ஒரு கண்ட்ரோல் யூனிட் வேண்டும், அது மைக் செட்காரருக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆகவே யாரோ ஒரு கெட்டிக்கார மெக்கானிக் மைக் சத்தத்தைப் பெருக்குவதற்கு என்றே உள்ளே ஒரு ஸ்டேஜ் சேர்த்திருக்கிறார். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொடங்கியது 1954, அவர்களுடைய வால்வு கடைகளுக்கு வந்தது 60-களில், நோட்டில் இருக்கும் தேதியோடு சரியாகப் பொருந்துகிறது. ஈயப்பற்று அவ்வளவு சுத்தம், ஒரு சொட்டு வழியவில்லை, அந்த ஆளைப் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் போலிருந்தது. ஸ்பீக்கர் பக்கம் வெளியே ஒரு லைன் டிரான்ஸ்பார்மரைக் கட்டியிருக்கிறார், ஏனென்றால் குவாட் கொடுப்பது வீட்டு ஸ்பீக்கருக்கான ஓம் கணக்கு, தோப்பு தாண்டி இழுக்கிற குழாய் ஸ்பீக்கர் லைனுக்கு அது ஒத்துவராது.

15 வாட் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். குழாய் ஸ்பீக்கருக்கு அது தாராளம். நம்ம மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது ராத்திரி முழுக்கக் கூத்து, ஒரே மைக்கை மேலே தொங்கவிட்டு விடிய விடிய ஓட்டுவார்கள். நோட்டில் வாடகைப் பக்கங்களில் பாரதம் என்றே வரிசையாக இருக்கிறது, காவேரிப்பட்டணம், பர்கூர், பாலக்கோடு என்று. வீட்டில் உட்கார்ந்து இசைத்தட்டு கேட்பதற்காகச் செய்த பெட்டி இங்கே வந்து துரியோதனனுக்கும் பீமனுக்கும் தொண்டை கொடுத்திருக்கிறது.

அந்தக் கேடி66 ஜோடி இப்போது இல்லை. அதற்குப் பதில் 6எல்6 ஜோடி இருக்கிறது. முனை எல்லாம் பொருந்தும், பாட்டும் வரும், ஆனால் பழைய 6எல்6 தாங்குவது 19 வாட், கேடி66 தாங்குவது 25. குவாட் அதன் வால்வுகளைக் கொஞ்சம் சூடாகவே ஓட்டும், இரண்டு 6எல்6-லும் பிளேட் நிறம் மாறியிருக்கிறது. 180 ஓம் ரெசிஸ்டரும் வெந்து கறுத்து மதிப்பு ஏறியிருக்கிறது, அது மூன்று வாட்டுக்கு மேல் சூட்டைக் குடிக்கிற இடம். இவை இரண்டையும் மாற்றாமல் யாரும் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: குவாட் II, 1958 தயாரிப்பு, சேஸிஸும் டிரான்ஸ்பார்மர்களும் மூன்று முல்லார்டு வால்வுகளும் ஒரிஜினல், பவர் வால்வுகள் மாற்றப்பட்டவை, மைக் ஸ்டேஜ் இங்கே சேர்த்தது, 1964-ல் ராபர்ட்சன்பேட்டையில் வாங்கியதற்கு நோட்டு சாட்சி. துரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. படங்களோடு அனுப்பினோம். பெங்களூர்க்காரர் ஓட்டையைப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார், இசிசி83-ஐக் கழற்றி ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் பழைய விலைக்கே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அதாவது எனக்குக் கிடைத்த நல்ல சாட்சிகளில் ஒன்றை அழித்துவிட்டு, அப்புறம் ஒரிஜினல் என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார். முடியாது என்றேன். மகன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், அது அவர் பெட்டி, அவர் பணம். நோட்டை மட்டும் பெட்டியை விட்டுப் பிரிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கேடி66 ஜோடிக்கு ஆள் சொல்லி வைத்தாயிற்று. கண்ட்ரோல் யூனிட்தான் வேண்டும். தங்கவயல், பங்காருப்பேட்டைப் பக்கம் பழைய ரேடியோ கடை வைத்திருந்தவர்கள் வீட்டுப் பரணில் குவாட் என்று எழுதிய, குமிழ் வைத்த சின்னப் பெட்டி ஏதாவது கிடந்தால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.