கரிநெருப்பு மூட்டிய கரை

இஸ்ரேலின் கலிலேயாக் கடலில், திபேரியா ஊரில் படகு ஏறினால் எதிர்க்கரை மலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் அதிகம் போனால் 13. கடல் என்று வேதத்தில் வாசித்தே வளர்ந்த எங்கள் குழுவில் சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது, இவ்வளவுதானா என்று. எனக்கு அது பிடித்திருந்தது. “அக்கரைக்குப் போவோம் வாருங்கள்” என்று ஆண்டவர் இயேசு சாயங்காலத்தில் கிளம்புவாரே, அந்த அக்கரை இதோ, பார்க்கிற தூரம்.

கடல்மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடக்கும் நன்னீர் ஏரி இது. சுற்றிலும் மேடு. குளிர்ந்த காற்று மேலிருந்து இறங்கினால் திடீரென்று அலை கிளம்பிவிடும். நாங்கள் போன அன்று தண்ணீர் அசையவே இல்லை.

ஏரிக்கரையிலுள்ள கினோசாரில் ஒரு பழைய மரப்படகை வைத்திருக்கிறார்கள். 1986-ல் வறட்சியில் ஏரி வற்றியபோது மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் கண்டது. இயேசுவின் காலத்தை ஒட்டியது. அவர் ஏறிய படகு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அளவைப் பாருங்கள்: நீளம் எட்டு மீட்டர் சொச்சம், அகலம் இரண்டேகால். புயலில் அவர் பின்னணியத்தில், அதாவது படகின் பின்பகுதியில், தலையணை வைத்துத் தூங்கினார் என்கிறார் சுவிசேஷம் எழுதிய மாற்கு. ஒதுங்கிப் படுக்க இதில் ஏது இடம்? பயந்து அலறியவர்களின் காலடியிலேயேதான் தூங்கியிருக்க வேண்டும்.

அப்புறம் தப்கா. இங்கே வெதுவெதுப்பான ஊற்றுகள் ஏரியில் கலக்கின்றன; குளிர்காலத்தில் மீன்கள் அந்தச் சூட்டைத் தேடி வரும். கரையில் 1933-ல் கறுப்புக் கல்லில் கட்டிய சிற்றாலயம். உள்ளே பீடத்தின் முன் ஒரு வெறும் பாறை. உயிர்த்தெழுந்தவர் சீஷருக்குக் காலை உணவு வைத்த இடம் என்பது மரபு. எங்கள் போதகர் யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தை வாசித்தார். கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். கரிநெருப்பு யோவான் 18-லும் வருகிறது. ஆண்டவர் பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் அவருடைய சீஷன் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தது அந்த நெருப்பின் பக்கத்தில்தான். இங்கே கேள்வியும் மூன்று முறை: “என்னை நேசிக்கிறாயா?” மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. படாமல் எப்படி இருப்பான், அதே புகை மூக்கில் ஏறும்போது! ஆனாலும் பழைய கதையை ஆண்டவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. முதலில் சாப்பிடச் சொல்கிறார், பிறகுதான் கேட்கிறார்.

போகிறவர்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்துவிட்டுப் போங்கள். முடிந்தால் காலையிலேயே, சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிவதற்கு முன்.