பம்ப் போகவில்லை, காற்றுதான் புகுந்திருந்தது

காலையில் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங் திடீரென்று இறுகிக்கொண்டது. பாதிச் சுற்று லேசாக வரும், சட்டென்று கனக்கும், மறுபடி லேசாகும். கூடவே பானெட்டுக்குள்ளிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முனகலும் ஏறியது.

திருப்ப உதவும் பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாமல் போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு அறுந்துவிடாது. பலம் கொடுத்துத் திருப்பினால் வண்டி திரும்பும். ஆனால் ஒரு வளைவின் நடுவில் இப்படிக் கனத்தால் என்ன ஆவது என்று நினைத்தபோதே வயிற்றைக் கலக்கியது. அப்படியே நிறுத்திவிட்டேன்.

மெக்கானிக்குக்குப் போன் செய்து சத்தத்தைச் சொன்னேன். "பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். ஸ்டீயரிங்குக்கு ஆயிலை அழுத்தி அனுப்பும் பம்பை, வண்டியைப் பார்க்காமலே மாற்ற எனக்கு மனம் வரவில்லை. சரி, முதலில் நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

என்னுடையது 12 வருடப் பழைய கார், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் மின்மோட்டார்தான் இந்த வேலையைச் செய்கிறது. அங்கே பேட்டரி, ஃபியூஸ், எர்த் ஒயர் என்று தேட வேண்டிய இடமே வேறு. பானெட்டுக்குள் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுடன் ஒரு சின்ன டப்பா இருந்தால் ஆயில் வகை என்று தெரிந்துகொள்ளலாம்.

என்ஜினை அணைத்துவிட்டு முதலில் பம்பைச் சுழற்றும் பெல்ட்டைப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, பளபளப்பு ஏறவில்லை, தொய்வும் இல்லை. பெல்ட் நழுவினால் கிறீச் என்று கத்தும். நான் கேட்டது முனகல். அதனால் பெல்ட்டை விட்டுவிட்டேன்.

ஆயில் டப்பாவைத் திறந்தால் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மூடியில் எழுதியிருந்த அதே வகை ஆயிலை வாங்கி ஊற்றினேன். இதில் கவனம் வேண்டும். கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுவிடும், அப்புறம் உண்மையிலேயே பம்ப், ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பகுதி) எல்லாம் போகும்.

ஊற்றியும் முனகல் நிற்கவில்லை. தம்பியை உள்ளே உட்காரவைத்து என்ஜினை ஓடவிட்டு, மெதுவாகத் திருப்பச் சொன்னேன். டப்பாவை எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டிய சிவப்பு ஆயில், வெளிறிய ரோஸ் நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. பொடிப்பொடியாகக் குமிழிகள். ஆயிலோடு காற்றும் உள்ளே போகிறது!

ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். அதனால்தான் கையில் ஒரு நேரம் லேசு, ஒரு நேரம் கனம். பம்ப் முனகியதும் இந்தக் குமிழிகளால்தான்.

காற்று எங்கே புகுகிறது? பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் ஹோஸில் அழுத்தம் மிக அதிகம், ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பினால் பல கார்களில் 70 பாரை (காற்றழுத்தத்தைப் போல சுமார் 70 மடங்கு) தாண்டும். அங்கே ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே பீய்ச்சும், காற்று உள்ளே வராது. (என்ஜின் ஓடும்போது அந்த ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் அப்படியில்லை. அதில் பம்ப் உறிஞ்சுகிறது. அங்கே இடைவெளி விழுந்தால் ஆயில் அதிகம் ஒழுகாது, காற்றைத்தான் இழுக்கும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த ஹோஸ் பம்பில் சேரும் இடத்தில், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்குக் கீழே, ஆயில் ஈரத்தில் தூசு ஒட்டி வளையமாக அப்பியிருந்தது. நிற்கும்போது கசிந்த கொஞ்ச ஆயிலும் என்ஜினுக்குக் கீழே உள்ள அடித்தட்டில் தேங்கியிருக்கிறது, அதனால்தான் தரையில் கறை இல்லை. என்ஜினை அணைத்துவிட்டு அந்த மூட்டைச் சுற்றிக் கெட்டியான கிரீஸை அப்பி, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் முனகல் பாதியாகக் குறைந்தது. எனக்கு அது போதுமான சாட்சி.

முதலில் கிளாம்பை மட்டும் மாற்றினேன். இரண்டே நாளில் சத்தம் திரும்ப வந்தது. ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை ரப்பராகவே இல்லை, பிளாஸ்டிக் போல விறைத்து, உள்பக்கம் நெடுக வெடித்திருந்தது. எவ்வளவு முறுக்கினாலும் அது எப்படிக் கவ்வும்? அந்த மாடலுக்கே உரிய ஹோஸை வாங்கிப் போட்டேன். தண்ணீருக்கான சாதாரண ரப்பர் குழாய் இந்த ஆயிலிலும் சூட்டிலும் தாங்காது.

அப்புறம் காற்றை வெளியேற்றும் வேலை. இதில் அவசரப்படவே கூடாது. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிடாமல் தம்பி ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக 20 முறை திருப்பினான். நான் மட்டம் இறங்க இறங்க ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் குமிழிகள் மேலே வந்து உடைந்தன. பன்னிரண்டாவது முறைக்கு மேல் ஒன்றிரண்டுதான் வந்தன. ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு என்ஜினை ஓடவிட்டு அதையே செய்தோம். கோடியில் அழுத்திப் பிடிக்காமல் தொட்டதும் திருப்பச் சொன்னேன். அங்கேயே பிடித்து வைத்தால் பம்ப் சூடேறும்.

"அண்ணா, இப்ப ஒரு விரல்ல சுத்துது!" என்றான் தம்பி. டப்பாவுக்குள் ஆயில் தெளிந்து, அடியில் இருக்கும் வலை கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை மட்டம் நேற்று விட்ட கோட்டிலேயே நின்றது, வாரம் கழித்தும் அதே கோடுதான். பழைய பம்ப்தான் இன்னும் ஓடுகிறது.