ஐந்தாவது சுண்டுவிரல்

ஒருவழியாக ஐந்தாவது தடவை மண் பொம்மையின் விரல் ஒடியாமல் காய்ந்துவிட்டது. இன்னும் சூளைக்கே போகவில்லை, அதற்குள் எழுதக் கூடாதுதான். ஆனால் மூன்று வாரப் புலம்பலைக் கேட்க வீட்டில் ஆளில்லை.

கொலுவுக்காக ஒரு வளரி வீரன் (வளரி என்றால் வீசி எறிகிற வளைந்த ஆயுதம்), பக்கத்தில் ஒரு சிறுமி. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கில் போட்டபின் தலைமறைவாகத் திரிகிற ஆள், முழுக்க என் கற்பனை. தழும்பு, மீசை, வலது கையில் வளரி எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. இடது கையைச் சிறுமியின் தோளில் வைத்ததுதான் வினை. அண்ணன் மகள் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இவரு பிள்ளை பிடிக்கிறவரா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அப்புறம்தான் உறைத்தது, இத்தனை பேரைச் சாய்த்தவனுக்குக் குழந்தைகள் என்றால் ஏன் உயிர் என்று நான் யோசிக்கவே இல்லை. சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று வைத்தால் சுலபம். எல்லாரும் அதைத்தான் வைக்கிறார்கள், அதனாலேயே வேண்டாமென்று விட்டேன். 1802-ல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட 73 பேரில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் ஒருவன், 15 வயதுப் பையன். என் ஆள் காதுக்கு அந்தச் செய்தி வந்திருக்கும். இவன் கையிலும் பத்து வயதில் யாரோ வளரியைத் திணித்திருப்பார்கள், வேண்டுமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். பெரியவர்கள் போட்ட சண்டை பிள்ளைகள் தலையில் விடிவதை அறிந்தவன். அப்படிப்பட்டவன் குழந்தையைத் தொடவே கூசுவான், தன் கை என்னவெல்லாம் செய்யும் என்று அவனுக்குத் தெரியுமே. ஆக அவன் பிடிக்கக் கூடாது, அவள்தான் அவன் சுண்டுவிரலைப் பிடித்திருக்க வேண்டும். வளரியை அவளுக்கு எட்டாதபடி முதுகுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது, விரல்தான் நிற்கவில்லை. உள்ளே கம்பி வைத்தேன், காய்கிற மண் சுருங்கும், கம்பி சுருங்குமா? மோதிரம் போட்டதுபோலச் சுற்றிலும் வெடிப்பு. ஈர்க்குச்சியும் அதே கதை. மூன்றாவதில் சிறுமியின் கையை மறுநாள் ஒட்டினேன், ஒன்று காய்ந்தும் ஒன்று ஈரமாகவும் இருந்ததால் ஒட்டிய இடம் பிளந்தது. நாலாவதை மொட்டைமாடியில் வைத்தேன், மதுரை வெயிலில், என் புத்தியைச் சொல்லணும். விளாச்சேரியில் பொம்மை செய்கிற பெரியவர் ஒருவர் உடைந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விரலுக்கு மட்டும் மண்ணுல பஞ்சு சேர்த்துப் பிசைங்க தம்பி, ரெண்டு கையும் ஒரே ஈரத்துல ஒட்டுங்க, நிழல்ல துணி மூடிப் போடுங்க" என்றார். ஒன்பது நாள் ஆனது, ஆனால் நின்றுவிட்டது!

மண் விஷயத்திலும் ஏமாந்தேன். கண்மாய் மண் என்று மூட்டை கட்டி விற்றவர் பாதிக்கு மேல் சரளையைப் போட்டிருந்தார், இரண்டு தடவை கரைத்து வடிகட்டியும் நகக்கண்ணில் கல் குத்துகிறது. அடுத்தது ஐயனார் குதிரை செய்யலாமென்று இருக்கிறேன், அதற்கு இந்த மண் ஆகவே ஆகாது.

சூளையில் இடம் அடுத்த வாரம்தான். வர்ணம் அதற்குப் பிறகு, எனாமல் அடிப்பதாக இல்லை, அந்தப் பளபளப்பு இந்த ஆளுக்கு ஒட்டாது. சிறுமியின் பாவாடைக்கு மட்டும் நிறத்தை அண்ணன் மகள் இப்போதே முடிவு செய்துவிட்டாள். 1801-ல் அந்த ரோஸ் எங்கே இருந்தது என்றால் கேட்கிறாளா.