கானோ விட்டுச்சென்ற வித்தை: டோக்கியோ நாட்குறிப்பு

ஏப்ரல் 12, 2024, வெள்ளி

இன்று ஜூடோ ஆசான் கெய்கோ ஃபுகுடாவின் பிறந்தநாள். எங்கள் பேட்டை டோஜோவின் (பயிற்சிக்கூடத்தின்) சுவரில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் படம் மட்டும்தான் மாட்டியிருக்கிறது. ஃபுகுடாவின் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. பயிற்சிக்கு முன் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

1913-இல் டோக்கியோவில் பிறந்தவர். ஐந்தடிக்கும் குறைந்த உயரம், 45 கிலோகூடத் தேறாத உடம்பு. கானோவுக்கு ஜுஜுட்சு என்ற பழைய தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்த ஹச்சினோசுகே ஃபுகுடா இவருடைய தாத்தா. அந்த ஆசான் 1879-இலேயே காலமாகிவிட்டார். அரை நூற்றாண்டு கழிந்தும் அவர் வீட்டை மறக்காத கானோ, பேத்தியைத் தானே ஜூடோ கற்க அழைத்தார். 1935-இல் கானோவின் ஜூடோ பள்ளியான கோடோகானின் மகளிர் பிரிவில் சேர்ந்தார் ஃபுகுடா. ஜூடோக்காரர் யாரையாவது கட்டிக்கொள்வாள் என்ற எண்ணத்தில்தான் வீட்டில் சம்மதித்தார்களாம். அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1953-இல் ஐந்தாம் டான், அதாவது கறுப்பு பெல்ட்டின் ஐந்தாம் படி. அந்தக் காலத்தில் அதற்கு மேல் பெண்களுக்குப் படியே கிடையாது. ஆண்களின் கறுப்பு பெல்ட் முழுக்கக் கறுப்பு. பெண்களுடையதில் அப்போது நடுவே வெள்ளைக் கோடு ஓடியது. அவரிடம் கற்றவர்கள் அவரைத் தாண்டி மேலே போனார்கள்; அவர் அதே படியில் நின்று கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். 1966-இல் மறுபடி அமெரிக்கா போனவர் சான் பிரான்சிஸ்கோவிலேயே தங்கிவிட்டார். கடிதம் எழுதி, மனுக் கொடுத்து, பலர் கேட்ட பிறகே 1972-இல் ஆறாம் டான் வந்தது.

2006-இல் கோடோகான் ஒன்பதாம் டான் கொடுத்தது. 2011-இல், 98 வயதில், பத்தாம் டான் கொடுத்ததோ அமெரிக்க ஜூடோ அமைப்பு. கோடோகானிடம் பத்தாம் டான் பெற்ற 15 பேரும் ஆண்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. 2013 பிப்ரவரியில், 99 வயதில், அவர் மறைந்தார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

உவேனோ பக்கம் எய்ஷோஜி கோயிலுக்குப் போய்வந்தேன். கட்டடங்களுக்கு நடுவே சின்னக் கோயில். ஜூடோ பிறந்த இடம் என்று ஒரு கல் நிறுத்தியிருக்கிறார்கள்.

1882-இல் கானோ இங்கே 12 தாத்தாமி (வைக்கோல் பாய்) விரித்துக் கோடோகானைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. முதல் வருடம் ஒன்பது மாணவர்கள். தூக்கிப்போடும் அதிர்ச்சியில் கோயிலில் வைத்திருந்த முன்னோர் பெயர்ப்பலகைகள் சரிந்து விழுமாம், தரைப்பலகைகள் உடையுமாம். இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு தரைக்கு அடியில் ஊர்ந்துபோய் அவற்றைச் சரிசெய்தது கானோவே. பகலில் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்த பட்டதாரி அவர்!

பள்ளி நாட்களில் தன்னைவிடப் பெரிய பையன்களிடம் அடிவாங்கிய பையன். அதனால்தான் ஜுஜுட்சு தேடிப் போனார். ஹச்சினோசுகே ஒருமுறை அவரைத் தூக்கிப்போட்டபோது, கையை எங்கே வைக்க வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆசான் பதிலே சொல்லாமல் மறுபடி மறுபடி தூக்கிப்போட்டார். விழுந்து விழுந்துதான் வித்தை வரும் என்பது அந்தக் காலத்துப் பாடம். கானோ விழுந்தார். ஆனால் கேள்வியை விடவில்லை. எதிராளியின் நிலையை முதலில் குலைத்துவிட்டால் பாரம் பாரமே இல்லை என்று பின்னாளில் கண்டுபிடித்து, தன் மூன்றாவது ஆசான் இக்குபோவையே வரிசையாக வீழ்த்தினார். இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை என்று இக்குபோ தன் பிரிவின் உரிமையை அவருக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். தோற்ற ஆசானின் அந்தப் பெருந்தன்மையை யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஏப்ரல் 17, புதன்

இன்று முழுக்க உகேமி. விழப் பழகுவது. பின்னால் சாயும்போது முகவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், பார்வை பெல்ட் முடிச்சில் நிற்க வேண்டும், முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் இரண்டு கைகளும் பாயில் அறைய வேண்டும். கை உடம்பிலிருந்து ரொம்ப விலகினால் தோள் போகும். சென்செய் (எங்கள் ஆசான்) பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அறையின் சத்தத்தையும் காதால் கேட்டே திருத்தினார்.

கானோ அபாயமான அடிகளைப் போட்டிப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டு, விழும் கலையை முன்னால் கொண்டுவந்தார். அதனால்தான் ரண்டோரியில், அதாவது ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகும் பயிற்சியில், முழுபலத்தோடு மோதிவிட்டு மறுநாள் வேலைக்கும் போக முடிகிறது.

ஏப்ரல் 25, வியாழன்

வேலை முடிந்து நேரே கோடோகான். வாசலில் கானோவின் சிலை. ஏழாம் மாடிப் பெரிய டோஜோவில் 420 தாத்தாமி. எட்டாம் மாடியிலிருந்து பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளைகளும் தலை நரைத்தவர்களும் ஒரே பாயில். ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார், காலேஜ் பையன் ஒருவனின் காலர் பிடியைத் தளர்த்தித் தளர்த்தியே அவனைக் களைக்க வைத்தார். அவனும் ஒவ்வொரு முறையும் குனிந்து வணங்கிவிட்டு மறுபடி வந்தான்.

டான், கறுப்பு பெல்ட் எல்லாம் இங்கிருந்து கிளம்பியவை. 1883-இல் கானோ முதல் டான் கொடுத்தது ஷிரோ சாய்கோ, ட்சுனேஜிரோ தொமிதா இருவருக்கும். இன்று உலகத்தில் எந்தச் சந்து கராத்தே வகுப்பிலும் கறுப்பு பெல்ட் கட்டும் பிள்ளை, தெரிந்தோ தெரியாமலோ கானோவின் கணக்கில்தான் நிற்கிறது.

ஏப்ரல் 29, திங்கள் (விடுமுறை)

காமாகுரா. எங்காகுஜி கோயிலில் கராத்தே ஆசான் கிச்சின் ஃபுனாகோஷியின் நினைவுக்கல். கராத்தேயில் முதல் அடி நம்முடையதல்ல என்ற அவருடைய வாக்கைப் பொறித்திருக்கிறார்கள்.

ஒகினாவாவில் பள்ளி ஆசிரியர். 1922-இல், ஐம்பது தாண்டிய வயதில், கராத்தேயை ஒருமுறை காட்டிவிட்டுத் திரும்பலாம் என்று டோக்கியோ வந்தார். கேள்விப்பட்ட கானோ, கோடோகானிலேயே செய்துகாட்ட அழைத்தார். தன் வித்தைக்குப் போட்டியாக வரக்கூடியதை வீட்டுக்குள் கூப்பிட்டு, மாணவர்களை உட்காரவைத்து, கேள்வி கேட்டுப் பார்த்தார் மனிதர். ஃபுனாகோஷி ஊர் திரும்பவில்லை. ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் தங்கி, பகலில் அங்கே கூட்டிப் பெருக்கித் தோட்டம் பார்த்து, மற்ற நேரத்தில் கராத்தே கற்றுக்கொடுத்தார். மனைவி பல ஆண்டுகள் ஒகினாவாவிலேயே இருந்தார். மாணவர்கள் பணம் சேர்த்துக் கட்டிக்கொடுத்த ஷோடோகான் டோஜோ 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதன் பிறகும், 1957-இல் மறையும்வரை, ஆசான்தான் அவர்.

மே 1, புதன்

அலுவலகத்தில் பிரேசில்காரர் ஒருவர் ஜியு ஜிட்சு செய்பவர். இன்று கைப்பூட்டு ஒன்றைச் செய்துகாட்டி ‘கிமுரா’ என்றார். எங்கள் டோஜோவில் அதற்கு உதேகராமி என்று பெயர்.

கானோவின் மாணவர் மிட்சுயோ மயேடா ஊர் ஊராகச் சண்டையிட்டு 1914-இல் பிரேசில் போய், பெலெம் நகரில் குடியேறினார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. கார்லோஸின் தம்பி ஹீலியோவை 1951 அக்டோபரில், ரியோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா வென்றார். கை ஒடிந்தும் ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன்தான் ஆட்டத்தை நிறுத்தினார். தன்னைத் தோற்கடித்தவரின் பெயரையே அந்தப் பூட்டுக்கு வைத்துக்கொண்டது கிரேசிகளின் ஜியு ஜிட்சு பரம்பரை. கிமுராவோ ஏழாம் டானோடு நின்றுவிட்டார். தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனவரை ஜூடோ உலகம் மனதாரத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. போட்டியில் அவரளவுக்கு வலுவான ஜூடோக்காரர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

மே 4, சனி

கானோவின் நினைவுநாள். யோகோஹாமா யமஷிதா பூங்காவை ஒட்டி நிற்கும் ஹிகாவா மாரு கப்பலில் ஏறினேன். 1938-இல் கெய்ரோவில் ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தை முடித்துக்கொண்டு, அமெரிக்கா வழியாகத் திரும்பும்போது, இந்தக் கப்பலில்தான் நிமோனியாவில் இறந்தார். 77 வயது. கரை சேர இரண்டே நாள் இருந்தது.

1909-இல் ஒலிம்பிக் கமிட்டியில் சேர்ந்த முதல் ஆசியர். 1912 ஸ்டாக்ஹோமுக்கு இரண்டே வீரர்களை அழைத்துப் போனவர். 1940 போட்டியை டோக்கியோவுக்கு வாங்க அத்தனை வருடம் அலைந்தார். அவர் இறந்த இரண்டு மாதத்தில், சீனாவோடு போர் நடத்திக்கொண்டிருந்த ஜப்பானிய அரசு அதைக் கைவிட்டது. பரஸ்பர நன்மை என்பதைக் கொள்கையாகச் சொன்னவர் அவர். சீன மாணவர்களுக்கென்றே பள்ளி நடத்தியவர். சீன எழுத்தாளர் லூ சுன் அங்கே படித்தார். அந்த நாட்டின்மேல் தன் நாடு படையெடுத்திருந்த நேரத்தில் கண்ணை மூடினார். மேல்தளத்தில் நின்றபோது எனக்கு இதுதான் நெஞ்சை அடைத்தது.

மே 6, திங்கள் (விடுமுறை)

மதியம் குடான்ஷிதா. 1964 ஒலிம்பிக் ஜூடோவுக்காகக் கட்டிய புடோகான் அரங்கை வெளியிலிருந்து பார்த்தேன். எடைப்பிரிவு இல்லாத இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஆன்டன் ஹேசிங்க் அகியோ காமினாகாவை அழுத்திப் பிடித்து வென்றார். ஜப்பானே உறைந்துபோன நாள். ஹேசிங்கின் நாட்டுக்காரர்கள் கூச்சலோடு பாயை நோக்கி ஓடிவந்தபோது, காமினாகாவை இன்னும் பிடியில் வைத்திருந்தவர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். பிறகு இருவரும் முறையாக வணங்கினார்கள். கானோ உயிரோடு இருந்திருந்தால் தங்கம் போனதற்கு வருந்தியிருக்கமாட்டார் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

அதே ஒலிம்பிக்கில் ஃபுகுடாவும் இருந்தார், ஜு-நோ-காட்டா என்ற, இருவர் சேர்ந்து செய்யும் அசைவு வரிசையைச் செய்துகாட்ட மட்டும். பெண்கள் பதக்கத்துக்கு மோத 1992 பார்சிலோனா வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாலை சென்செய்க்கு போன் செய்து, அந்தக் காட்டாவைக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டேன். ஜூனிலிருந்து புதன்கிழமைகளில் அரைமணி முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறார். ஜோடிக்கு ஆள் வேண்டும். எங்கள் டோஜோவின் நடுநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள்.