நீலகிரி மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாக வேட்புமனு போட்ட அனுபவம்: கைநாட்டு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்

உங்கள் வேட்புமனுவை முன்மொழிகிறவர்களில் கைநாட்டு வைக்கிறவர் யாராவது இருந்தால், அவரை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் மையைத் தடவி வாங்கிவந்த கைநாட்டு செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னாலோ, அதற்கென்று நியமித்த அதிகாரி முன்னாலோதான் வைக்க வேண்டும். இது தெரியாமல் 2024 மார்ச் 22 வெள்ளிக்கிழமை கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் போய், வெறுங்கையோடு திரும்பினேன். சனி, ஞாயிறு மனு வாங்கவில்லை. 27ஆம் தேதி கடைசி நாள். அந்த இரண்டு நாளும் சரியாகத் தூங்கவில்லை.

நான் ஜெயிக்கவில்லை, டெபாசிட்டும் திரும்பவில்லை. ஆனாலும் அடுத்து யாராவது சுயேச்சையாக நிற்க நினைத்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

நான் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பும் 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. அப்பாவுக்கு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை கிடைத்தது. நான் 20 வருஷமாகக் கூடலூரில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். வர்க்கியும் பன்னும் போட்டுப் பிழைப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. கடைக்கு ஒவ்வொரு காகிதமும் வாங்குவதுதான் சிரமம். ஒரு தடவை போனால் ஒரு குறை சொல்வார்கள். அதைச் சரிசெய்து போனால் இன்னொன்று. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல யாருக்கும் மனசு வராது. எல்லை தாண்டினால் கர்நாடகத்தில் 'சகாலா' என்று ஒரு சட்டம் இருக்கிறது. மனு கொடுத்த அன்றே, எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்று சீட்டில் வந்துவிடும். நாடு முழுவதற்கும் அப்படி ஒரு மசோதா 2011 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. 2014இல் அவை கலைந்ததும் அதுவும் காலாவதியாகிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத்தான் நின்றேன்.

நீலகிரி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனித்தொகுதி, அதனால் சாதிச் சான்றிதழ் கட்டாயம். என்னுடைய பழைய அட்டையில் அப்பா பெயர் ஒரு மாதிரி, வாக்காளர் பட்டியலில் வேறு மாதிரி. ஒரே எழுத்துதான் வித்தியாசம். அதற்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு நாள் நடந்தேன். "சிலோன் பேப்பரெல்லாம் இங்கே பார்க்க மாட்டோம்" என்றார் அங்கிருந்த எழுத்தர். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. இத்தனை வருஷம் இந்த நாட்டில் ஓட்டுப் போட்ட பிறகும் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

ஐந்தாம் நாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நாங்கள் வந்தபோது கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட் அடியில் கிடந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அம்மா படத்துக்குப் பின்பக்கம் பிள்ளைகள் நாலு பேரின் பெயரும் பேனாவில் எழுதியிருந்தது, மூன்றாவது நான். அப்பா பெயர் சரியாக இருந்தது. எழுத்தரிடம் நீட்டாமல் நேராக மேலதிகாரியிடம் போனேன். அந்தப் பெண் அதிகாரி ஐந்து நிமிஷம் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உங்களிடமும் இப்படிப் பழைய காகிதம் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேரும் இதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் புதிய பட்டியலில் பாருங்கள். பழைய பட்டியலைப் பார்த்து எழுதியதால் எனக்கு மூன்று பேருக்குத் தப்பாகிவிட்டது. நல்லவேளை, வெள்ளிக்கிழமையே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் அத்தையையும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். இருவருக்கும் அன்றைய கொழுந்துக் கூலி போய்விட்டது. நடுவட்டம் ஏறும்போது பாட்டிக்குத் தலைசுற்றல். பதினொரு மணிக்குத்தான் மனு வாங்க ஆரம்பித்தார்கள். வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் அனுமதி என்பதால் மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு இவர்களை உள்ளே அழைத்துப் போனேன். கைநாட்டு வைத்ததும் அத்தை கட்டைவிரலை முந்தானையில் துடைக்கப் போய், பிறகு என்ன நினைத்தாரோ, துடைக்காமல் விரலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

வங்கிக் கணக்கு, 12,500 ரூபாய் டெபாசிட், உறுதிமொழி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சொத்து, வழக்கு விவரங்களை எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் மட்டும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். ஆனால் இந்தத் தடவை என்னைத் திருப்பி அனுப்பவில்லை. என்னென்ன கொடுத்திருக்கிறேன், எது பாக்கி, எப்போதுக்குள் தர வேண்டும் என்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். விதியிலேயே இருப்பதால் கொடுத்தே ஆக வேண்டும். மறக்காமல் கேட்டு வாங்குங்கள். 20 வருஷத்தில் எந்த மேஜையிலும் எனக்கு இப்படி ஒரு தாள் கிடைத்ததில்லை. பேக்கரிக்கு அலைந்தபோதெல்லாம் நான் கேட்டது இதைத்தான். மறுநாளே புதுப் பத்திரம் கொடுத்தேன்.

28ஆம் தேதி பரிசீலனை. என் மனுவை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னதும் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அத்தைதான் எடுத்தார்.

"தம்பி, என் கைநாட்டு செல்லுமாப்பா?"

"செல்லும் அத்தை."